தேத்தண்ணியில் சீனி போடாத தோட்டம்

பகுதிநேரச் சமூக ஆய்வு உதவியாளர் என்பது என் இரண்டாவது உத்தியோகத்தின் முழுப்பெயர். முதலாவது உத்தியோகத்துக்கு அவ்வளவு நீளமான பெயர் கிடையாது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு கொம்யூனிகேஷன் கடையில் காலையில் போட்டோக்கொப்பி அடிப்பேன், போன்களுக்கு ரீலோட் போடுவேன். பின்னேரமும் சனி ஞாயிறும் ஆய்வு. கடை முதலாளி என் புதுப் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பகுதிநேரம் எண்டா, மிச்ச நேரம் நீங்க சமூகத்துல இல்லயா?" என்றார். அந்த மனிதருக்குத் திருப்பிப் பதில் சொல்லாமல் இருப்பதற்குத்தான் அவர் எனக்குச் சம்பளம் தருகிறார் என்று நினைத்துக்கொண்டு போட்டோக்கொப்பி மெஷினுக்குக் கடுதாசி வைத்தேன்.

ஆய்வுக்கு என்னை எடுத்தது என் மூளைக்காக அல்ல, பிறந்த இடத்துக்காக. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், பிறந்து, உயர்தரம் வரை படித்து, கலியாணம் முடித்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தவள் நான். நேர்முகத் தேர்வில் இருந்த பல்கலைக்கழக விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரி. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "நீர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தானே?" என்று கேட்டார். எங்கள் தோட்டம் எப்போது சமூகமானது என்று எனக்கு யாரும் அறிவித்திருக்கவில்லை. தேர்தல் காலத்தில் நாங்கள் உடன்பிறப்புகள், மற்றக் காலத்தில் லயத்து ஆட்கள். சமூகம் என்றதும் யாரோ எங்கள் எல்லோருக்கும் சலவை உடுப்புப் போட்டுவிட்டது போலிருந்தது. "ஓம் மேடம்" என்று அவருடைய பாஷையிலேயே சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது.

ஆய்வு சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவைப் பற்றியது. தோட்டத்துச் சனங்களுக்கு அந்த வருத்தம் ஏன் இவ்வளவு வருகிறது, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன குடிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். "வெளியாக்கள் போய்க் கேட்டால் சனங்கள் உண்மை சொல்லாயினம். உள்ளாக்கள் கேட்டால் சொல்லுவினம். அதுக்குத்தான் உங்களை மாதிரி ஆக்களை எடுத்தனாங்கள்" என்று மேடம் முதல் நாளே விளக்கினார். நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். லயத்தில் வளர்ந்தவளுக்குத் தெரியும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து நாலு தரிப்பிடம் தள்ளி இறங்கிப்போகிற ஆளிடம்தான் மனிதர்கள் உண்மை பேசுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் உண்மை சொல்வதும் கோயில் ஸ்பீக்கரில் அறிவிப்பதும் ஒன்று.

எனக்கு இந்த வேலையில் ஒரு சொந்த அக்கறையும் இருந்தது. என் அக்கா அதே தோட்டத்தில் இன்னும் கொழுந்து பறிக்கிறாள். அம்மாவும் அப்பாவும் போனபின் எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு அவள்தான். அவளுக்குச் சீனி வருத்தம். கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைக் கட்டை ஒன்றில் இடறி, வலது காலின் கட்டைவிரலில் பட்ட காயம் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. கண்டி கிளினிக்கில் குளிசையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள், சீனி இறங்கவில்லை. இப்படியே போனால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் போன பெண்ணுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் என் அக்காவுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பொய் சொல்லமாட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "கொறட்ட விடுவா, சோறு கொழைய வைப்பா, மத்தபடி நல்ல புள்ள" என்று சொன்னவள். மாப்பிள்ளை வீட்டார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டதால் நான் பிழைத்தேன். அப்படிப்பட்டவள்தான் ஒவ்வொரு கிளினிக்கிலும், "தேத்தண்ணியில சீனியே போடறதில்ல, டாக்டரம்மா" என்று சாதித்துக்கொண்டிருந்தாள். இறங்காத சீனியைப் பார்த்து டாக்டர் அவளை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவள் டாக்டரின் மெஷினை நம்பவில்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கேள்வி கேட்கும்போது முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டக்கூடாது. 'அப்படியா' என்று சொல்லக்கூடாது. கேள்வியை உள்ளது உள்ளபடி வாசிக்க வேண்டும், எதிரில் இருப்பவருக்கு விளங்காவிட்டால் திரும்பவும் உள்ளபடியே வாசிக்க வேண்டும். எங்கள் ஆட்களைக் கந்தோர்களில் எல்லா உத்தியோகத்தர்களும் காலங்காலமாக இப்படித்தான் நடத்துகிறார்கள். அதற்கு ஒரு பயிற்சியும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் உண்டென்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பயிற்சியில் எனக்குச் சோடியாகக் கிடைத்தவள் கம்பளையைச் சேர்ந்த முஸ்லிம் பெண். வாப்பாவுக்குக் கம்பளை டவுனில் புடவைக்கடை. கடையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவாள். முகத்தில் உணர்ச்சி காட்டாமல் இருப்பது அவளால் முடியவே முடியாது. ஒத்திகையில் நான் நோயாளியாக நடித்து, காலில் புண் என்று சொன்னதும், "அல்லாஹ்வே, எவ்வளவு நாளா?" என்று கத்திவிட்டாள். மேடம் தலையில் கை வைத்தார். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

முதல் சுற்று என்னுடைய தோட்டத்தில், தனியாக. கண்டியில் நுவரெலியா பஸ் ஏறி, கம்பளை தாண்டி, புசல்லாவைக்கு முன்னால் இறங்கி, ஏற்றத்தில் நடந்து போனேன். பையில் கேள்விகள் ஏற்றிய டெப் கம்ப்யூட்டர். லயத்து வாசலில் காலை வைக்கும் முன்பே, "சர்வே புள்ள வந்திருச்சு" என்று தகவல் கடைசி வீடு வரை போய்விட்டது.

"வீடு குடுக்கப் போறாங்களா?" என்று முதல் வீட்டு அண்ணன் கேட்டார். எங்கள் தோட்டத்துக்கு இதுவரை வந்த எல்லாக் கணக்கெடுப்பும் புது வீடு தருவதற்காகவே வந்தவை. அந்த வீடுகளில் ஒன்றையும் இன்னும் யாரும் கண்ணால் காணவில்லை.

"இல்லண்ணே. சீனி எவ்வளவு சாப்புடுறீங்கன்னு கேக்க வந்தேன்."

"அப்ப சீனி குடுக்கப் போறாங்களா?"

அடுத்த வீட்டில் குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, "ஒனக்குத் தெரியாதா? நீயே எண்ணிக்க" என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் கேள்விகளை அவர்கள் கேட்டார்கள், பதில்களை நான் சொன்னேன்: ஏன் இன்னும் இரண்டாவது பிள்ளை இல்லை, புருஷன் குடிக்கிறாரா, கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடா சொந்த வீடா. எல்லாவற்றுக்கும் நடுவில் எல்லா வீட்டிலும் தேத்தண்ணி. ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்கும். வயிறு டேங்க் போலாகி, கீழே இறங்கும்போது சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

டெப்பில் ஒரு கேள்வி இப்படி இருந்தது: "நீங்கள் அருந்தும் தேநீரில் ஒரு கோப்பைக்கு எத்தனை தேக்கரண்டி சீனி சேர்த்துக்கொள்வீர்கள்?" உள்ளது உள்ளபடி வாசித்தேன். "போடறதில்ல" என்றார்கள். அடுத்த வீட்டிலும் போடறதில்ல. அதற்கடுத்த வீட்டிலும். நான் உணர்ச்சி காட்டாமல் பூச்சியம், பூச்சியம் என்று தட்டிக்கொண்டே போனேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. டவுன்காரர்கள்தான் சீனியை அள்ளிக் கொட்டுகிறார்கள், எங்கள் சனம் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியாக அக்கா வீடு. அவளும் போடறதில்ல என்றாள். மற்ற வீடுகளில் நம்பிய எனக்கு அந்த வீட்டில் மட்டும் நம்ப முடியவில்லை. சொந்தக்காரர்கள் என்றால் அப்படித்தான்.

"அக்கா, இது நான் கேக்கல, மிசின் கேக்குது. உண்மையச் சொல்லு."

"என்னாடி உண்மை? நான் என்னைக்குடி பொய் சொன்னேன்?"

"அப்பறம் எப்பிடி சீனி எறங்காம இருக்கு? களவா கிரீம் பனிஸ் திங்கிறியா?"

அவ்வளவுதான். பயிற்சியில் சொன்ன அத்தனை விதிகளையும் ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட்டேன். அக்கா எழும்பி நின்று, புண் காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, மாரியம்மன் மேல் சத்தியம் செய்தாள். சோற்றைப் பாதியாகக் குறைத்ததை, தீபாவளிப் பலகாரத்தை வாயில் வைக்காததை, சோடா குடித்து வருஷமானதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "டாக்டரு பொய்க்காரின்னாரு, சரி, அந்தம்மா வேத்தாளு. நீயுமாடி?" என்றாள். அதற்குப்பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் போன் போட்டால் பக்கத்து வீட்டுப் பெண் பேசுவாள், பின்னால் அக்காவின் இருமல் கேட்கும். அவள் கால் போகப்போகிறதே என்ற பயமும், இவ்வளவு பிடிவாதமாகப் பொய் சொல்கிறாளே என்ற ஆத்திரமும் சேர்ந்து எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

சில கிழமைகளில் மேடம் எல்லோரையும் கூப்பிட்டு, சேர்ந்த விபரங்களைக் கம்ப வரைபடமாகத் திரையில் போட்டுக் காட்டினார். எங்கள் தோட்டத்துக்கென்று ஒரு கம்பம் இருந்தது, கம்பம் என்று சொல்லக்கூடாது, தரையோடு தரையாக ஒரு கோடு. தேத்தண்ணியில் சீனியே போடாத தோட்டம். மேடத்தின் குரல் தழுதழுத்தது. "பாருங்கோ, இந்தச் சனங்கள் தாங்களாகவே பழக்கத்தை மாத்தியிருக்கினம். இது பெரிய விஷயம்" என்றார். யாரோ கைதட்டினார்கள். கம்பளைக்காரி என் காதுக்குள், "சீனியே போடுறல்ல எண்டா, ஒங்கட ஆக்களுக்கு எங்கால வந்த சீனி வருத்தம்?" என்று கேட்டாள். மேடத்துக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், கொஞ்ச வீடுகளில் இன்னொருவர் போய்த் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கட்டும் என்றார். கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்த வீடுகளில் அக்கா வீடும் இருந்தது. சொந்தக்காரர் வீட்டில் நான் கேட்கக்கூடாது என்பது விதி. கம்பளைக்காரி கேட்பாள், நான் வழிகாட்டப் போகலாம், வாயைத் திறக்கக்கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கம்பளையில் அவள் ஏறினாள். கையில் உம்மா கொடுத்துவிட்ட இனிப்பு வட்டிலப்பம். சீனி வருத்தக்காரி வீட்டுக்கு வட்டிலப்பமா என்று கேட்டேன். "வெறுங்கையோட எப்படியன் ஒரு வீட்டுக்குப் போற?" என்றாள். அதை அப்படியே பஸ்ஸில் வைத்து நாங்கள் இருவரும் சாப்பிட்டு முடித்தோம், வேறு வழி தெரியவில்லை.

அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கூட வந்தது விருந்தாளி. "வாங்க வாங்க, ஒக்காருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். புண் காலை இழுத்து இழுத்து அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒரு கோப்பையை டங்கென்று வைத்தாள், பேச்சு இல்லாவிட்டாலும் தேத்தண்ணி உண்டு. பிறகு சீனிப் போத்தலை எடுத்துவந்து, விருந்தாளியிடம், "கைய நீட்டுங்க" என்றாள்.

கம்பளைக்காரி கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி விழுந்தது. என் கையிலும் விழுந்தது. அக்கா தன் கையிலும் போட்டுக்கொண்டு, பலகையில் உட்கார்ந்து, ஒரு நக்கு சீனி, ஒரு மிடறு தேத்தண்ணி என்று நிதானமாகக் குடிக்கத் தொடங்கினாள். நானும் அப்படியே.

கம்பளைக்காரிக்கு டெப்பை எந்தக் கையில் பிடிப்பதென்று தெரியவில்லை. அவர்கள் வீட்டில் தேத்தண்ணி என்றால் பாலும் சீனியும் அடித்துக் கலக்கி நுரையோடு வரும். சீனியைக் கையில் ஏந்தியபடி, முகத்தை மிகவும் கஷ்டப்பட்டு உணர்ச்சியில்லாமல் வைத்துக்கொண்டு, கேள்வியை உள்ளது உள்ளபடி வாசித்தாள். ஒரு கோப்பைக்கு எத்தனை தேக்கரண்டி?

"போடறதே இல்லங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு உள்ளங்கையை ஒரு நக்கு நக்கினாள்.

கம்பளைக்காரி அக்காவின் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். வாசற்படியில் இருந்த என் கையைப் பார்த்தாள். உணர்ச்சி காட்டாத முகம் அதோடு முடிந்தது.

"அப்ப இது எனத்தயன் அக்கா? உப்பா?"

"இதுவா? இது கைக்கு வச்சிக்கிறது. சோத்துக்கு ஊறுகா மாதிரி. தேத்தண்ணியில நாங்க எங்க போட்டோம்?"

நான் கோப்பையைப் படியில் வைத்தேன். சீனியைக் கோப்பையில் போட்டுக் கரைப்பது எங்கள் வீடுகளில் ஊதாரித்தனம். கரைத்தால் அடியில் தங்கிவிடும், வீணாகும். கையில் வைத்து நக்கினால் கொஞ்சத்திலேயே வாய் இனித்துவிடும், சிக்கனம். அதனால் நாங்கள் எல்லோரும் எங்களைச் சீனி சாப்பிடாதவர்கள் என்றே மனதார நம்பிக்கொண்டிருந்தோம். டாக்டர் சீனியை நிறுத்து என்றபோது அக்காவின் மனதில் பலகாரம் வந்தது, சோடா வந்தது, டவுன்காரர்களின் பால் தேத்தண்ணி வந்தது. உள்ளங்கை வரவே இல்லை. எனக்கும் வரவில்லை. முதல் சுற்றில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கையால் பூச்சியம் தட்டிக்கொண்டு மறு கையை நக்கிக்கொண்டிருந்தவள் நான்தான்.

புடவைக்கடைக்காரர் மகள் சும்மா விடவில்லை. ஒரு சாஸரைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்தாள். "அக்கா, காலையில எழும்பினதுலேருந்து படுக்குற வரைக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு நக்குவீங்களோ, அத இதுல போட்டுக் காட்டுங்க" என்றாள். அக்கா போடத் தொடங்கினாள். எழும்பியவுடன் ஒன்று. காலையில் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் ஒன்று. மலையில் ஒன்று. கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு ஒன்று. வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் ஒன்று. யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று. சாஸரில் சீனி குன்றாக ஏறியது. கம்பளைக்காரி போதும் என்பதுபோல் கையைக் காட்டினாள். அக்கா, "இருங்க, பத்து மணித் தேத்தண்ணிய மறந்துட்டேன்" என்று இன்னொரு கரண்டியும் போட்டாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

பிறகு அக்கா குனிந்து தன் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை, கிழமைக்கணக்கில் பேசாதவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, பொறந்ததுலேருந்து எங்கூட ஒக்காந்து நக்குனவதானே நீ? டவுனுக்குப் போயி, படிச்சி, மிசினு தூக்கிட்டு வந்து, என்னையக் கள்ளின்னு சொன்னியே. ஒன் கையில இருந்தது என்னாடி?"

கையில் மீதி சீனி பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

கம்பளைக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்து மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஐயோ பிள்ளை, நானும் இப்ப பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டுதான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறன். போன மாசம் டொக்டரிட்ட, தேத்தண்ணிக்குச் சீனி போடுறேல்லை எண்டு நானும் சொன்னனான்" என்றார். அந்தக் கேள்வியை எழுதியவரே அவர்தான். நாங்கள் தோட்டத்தில் கையை நக்கினோம், அவர் வீட்டில் கட்டியைக் கடித்தார், கேள்வி மட்டும் கோப்பைக்குள் விழுந்து கிடந்தது. நல்லவேளை, மேடத்துக்குத் தன்னைப் பார்த்தே சிரிக்கத் தெரியும். அடுத்த கிழமையே எல்லா வீடுகளுக்கும் சாஸரோடு போகச் சொன்னார். திரையில் தரையோடு கிடந்த எங்கள் தோட்டம் மளமளவென்று ஏறிவிட்டது. வீடு கேட்ட அண்ணன் மட்டும், பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு போட்டான் என்று விசாரித்துவிட்டு அதற்கு மேல் இரண்டு கரண்டி போட்டார். கௌரவப் பிரச்சினை.

அக்கா அன்றோடு நக்குவதை விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, ஒரேயடியாக. வெறும் சாயத் தேத்தண்ணியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். "கசாயம் குடிக்கிறதுக்குத் தோட்டத்துல எதுக்குப் பொறக்கணும்?" என்று போனில் திட்டுவாள். திட்டட்டும், போனை அவளே எடுத்தாளே. சந்தோஷத்தில் நான் போட்டோக்கொப்பி மெஷினை அணைக்காமல் வீட்டுக்குப் போன நாளும் உண்டு. சீனி இறங்கிவிடும், புண் ஆறிவிடும், கால் தப்பிவிடும் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். அவள் வெளியே சொல்லவில்லை, ஆனால் தினமும் துணியை அவிழ்த்து விரலைப் பார்ப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். டாக்டர் இளவயதுச் சிங்களப் பெண். அக்காவின் சிங்களம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. அதனால் மொழிபெயர்ப்பு என் வேலை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் டாக்டர் முகம் மலர்ந்தது. நன்றாக இறங்கியிருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்றார். நான் கையை நக்கிக் காட்டி விளக்கினேன். டாக்டர் சத்தமாகச் சிரித்து, தன் ஆச்சியும் சக்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு இப்படித்தான் குடிப்பார் என்றார். அக்கா பெருமையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் டாக்டர் துணியை அவிழ்த்து விரலைப் பார்த்தார். அமத்திப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: கால் தப்பிவிட்டது. இந்தச் சீனி இறங்காமல் இருந்திருந்தால் முழங்கால் வரை போயிருக்கும். ஆனால் விரலுக்குள் எலும்பு ஏற்கெனவே பழுதாகிவிட்டது. கட்டைவிரலை எடுத்தே ஆக வேண்டும், இன்றைக்கே வார்ட்டில் படுத்துவிடுவது நல்லது.

இதை நான் உணர்ச்சி காட்டாமல் சொல்ல வேண்டும். அதற்குத்தானே எனக்குப் பயிற்சி. அக்கா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"வெட்டணுமாமா?"

"வெரல மட்டும். காலு தப்பிச்சிருச்சாம்."

"நக்குறதத்தான் விட்டுட்டேனே. அப்பறம் எதுக்கு வெட்டணும்? இதுக்குத்தானா இத்தன நாளா கசாயம் குடிச்சேன்? எந்திரிடி, போவோம்." பையை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கதவை நோக்கி நடந்தாள். வரிசையில் இருந்த சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

ஓடிப்போய் அக்காவின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நாற்பது வயதுப் பெண், கழுத்தில் ஆய்வு உதவியாளர் அட்டை தொங்க, அத்தனை பேருக்கு முன்னால் கேவிக் கேவி அழுதேன். "எனக்கு நீ ஒருத்திதான் இருக்க. வெரலக் காப்பாத்தப் பாத்து நீ போயிட்டா நான் யாருகிட்டப் போயி ஏச்சு வாங்குறது? காலு போயிரும்க்கா, நீ போயிருவ" என்று என்னவெல்லாமோ சொன்னேன். பயமாக இருந்தது. அம்மா செத்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை, அப்போது அக்கா இருந்தாள்.

அக்கா பையை என் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தாள்.

"சரி, அழுவாத. சிரிக்கப் போறாங்க. எடுக்கச் சொல்லு. ஒரு வெரலுதானே? கொழுந்து பறிக்கிறது கையாலதானடி, காலாலயா?"

எங்கள் மலைகள் செங்குத்து. மழையில் சறுக்கும் அந்தச் சரிவில், முதுகில் கூடையோடு நிற்கிறவளுக்குக் கட்டைவிரல்தான் பிடி. அதை மண்ணில் ஊன்றித்தான் நிற்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், அந்த லயத்தில் பிறந்த எனக்கும் தெரியும்.

என் அக்கா எனக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான். நம்பிவிட்டதாகத் தலையாட்டிவிட்டு, டாக்டரிடம் போய், சம்மதம் என்று சொன்னேன்.